ஆடும் ஸ்டியரிங் சொல்லும் சேதி

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் கிராணியார் வீட்டு வாசலில் மட்டும்தான் கார் நிற்கும். சம்பளத்திற்கு மறுநாள் பட்டணத்துக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்து லாரியில் ஏறிக்கொள்வோம். லாரி இல்லாத நாளில் அப்பாவின் சைக்கிள்தான் எங்களுக்குக் கார். 1985 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் புரோட்டோன் சாகா அறிமுகமானது. நம் நாட்டிலேயே செய்த கார் என்று பெரியவர்கள் வியந்து பேசிக்கொண்டார்கள். 1994 இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. 2005 இல் மைவி வந்தது. புதிதாக வாங்க முடியாதவர்கள் பழையதை வாங்கினார்கள். இன்று ஜொகூரில் பல தோட்டங்களில், லயத்து வாசலில் நாலைந்து பழைய கார்களாவது நிற்கின்றன. வேலைக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், நடு இரவில் வயிற்று வலி என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடவும் அவைதான் நமக்குத் துணை.

ஆனால் அந்தக் கார் நம்மிடம் ஏதாவது சொல்ல வரும்போது நாம் காது கொடுத்துக் கேட்கிறோமா? பட்டறையில் பிரேக் மாற்றி எடுத்து வந்த பிறகு ஸ்டியரிங் கையில் நடுங்கினால், "புது பிரேக் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டவள்தான். அந்தச் சமாதானம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொன்னால் சிலருக்காவது பயன்படும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

மூன்று பிள்ளைகளும் நானும்

குளுவாங் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியை. என்னிடம் இருப்பது பழைய சாகா. சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை அதன் முன் பிரேக்கில் டிஸ்க்கும் பேடும் மாற்றினேன். பட்டறையிலிருந்து வீட்டுக்குப் பக்கம்தான். மெதுவாக ஓட்டி வந்ததால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை ஜொகூர் பாருவில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி. மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே பசியாறிவிட்டுக் கிளம்பினேன்.

குளுவாங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் சாலையில் வேகம் 70 ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. சாலை சரியில்லை என்று நினைத்தேன். முன்னால் ஒரு செம்பனைக் குலை லாரி மெதுவாகப் போனது, பிரேக்கை அழுத்தினேன். நடுக்கம் இன்னும் கூடியது. பின்னால் உட்கார்ந்திருந்த பையன், "டீச்சர், அந்தப் பக்கம் ஏதோ 'டக் டக்'குன்னு கேக்குது" என்றான். நான் வானொலியை நிறுத்தினேன். ஆமாம், சத்தம் கேட்டது.

ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலைக்குள் நுழைவதற்கு முன் ஓர் எண்ணெய் நிலையத்தில் காரை நிறுத்தினேன். யாரைக் கேட்பது? எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். என் அப்பாவுடன் ஒரே லயத்தில் இருந்தவர். எனக்கு மாமா முறை. அவருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"எப்பம்மா ஆடுது? பிரேக் புடிக்கிறப்பவா, சும்மா ஓடுறப்பவா?" என்று கேட்டார்.

"ரெண்டு நேரமும்தான் மாமா. எழுபதைத் தாண்டினா சும்மாவே ஆடுது. பிரேக் புடிச்சா இன்னும் மோசம்."

"பிரேக் வேலை பார்த்து எத்தனை நாளாச்சு?"

"முந்தாநாள்தான்."

"அப்ப ரோட்டைக் குத்தம் சொல்லாத. சத்தமும் கேக்குதுன்னு சொல்ற. காடிய இனிமே ஒரு அடி நகத்தாத. பின்னால ஸ்பேனர் இருக்கும், எடுத்து முன்சக்கரத்து நட்டெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாரு."

பார்த்தேன். இடது முன்சக்கரத்தில் நான்கு நட்டுகள். இரண்டு இறுக்கமாக இருந்தன. மற்ற இரண்டும் ஸ்பேனரை வைத்ததும் எந்தப் பலமும் இல்லாமல் சுழன்றன. என் கை அப்படியே நின்றுவிட்டது. இன்னும் சிறிது நேரத்தில் மூன்று குழந்தைகளுடன், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட நெடுஞ்சாலையில் நான் போய்க்கொண்டிருந்திருப்பேன்.

மாமா சொன்னபடி நட்டுகளை எதிரெதிராக இறுக்கினேன். மெதுவாக ஓட்டி அருகிலிருந்த ஒரு பட்டறைக்குப் போனேன். அவர்கள் சக்கரத்தைக் கழற்றினார்கள். போல்ட்டுகளும் ரிம்மின் துளைகளும் கெடவில்லை, தப்பித்தோம். ஆனால் புது டிஸ்க் உட்கார்ந்திருந்த இடத்தில் பழைய துரு அடை அடையாக அப்படியே இருந்தது. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சக்கரத்தை ஒழுங்காகப் பூட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு கார் வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. போட்டிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பிள்ளைகளைக் கடைசியாகப் பேச அனுமதித்தார்கள். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று பேரையும் அன்று மாலை அவரவர் தாயிடம் ஒப்படைத்தபோது, எனக்குப் பரிசு கிடைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது?

பல சிறிய கார்களில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக் இருக்கும். டிஸ்க் என்பது சாப்பாட்டுத் தட்டுப் போன்ற ஓர் இரும்புத் தகடு. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். நாம் பிரேக்கை அழுத்தியதும் இரண்டு பேடுகள் அதன் இரு பக்கமும் வந்து கவ்விப் பிடிக்கும். சைக்கிளில் ரப்பர் கட்டைகள் ரிம்மைப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே கதைதான். 1902 இலேயே இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் என்பவர் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1953 இல் பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்குடன் ஓடி வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. டிரம் மூடிய பாத்திரம். சூடு உள்ளேயே நிற்கும். டிஸ்க் காற்றுப்படத் திறந்திருக்கிறது, விரைவில் ஆறும். அதுதான் அதன் சிறப்பு.

இப்போது அடுக்கைக் கவனியுங்கள். அச்சின் முனையில் ஹப் என்னும் தட்டையான முகம் இருக்கிறது. அதன்மேல் டிஸ்க் உட்காருகிறது. டிஸ்க்கின்மேல் சக்கரம் உட்காருகிறது. எல்லாவற்றையும் சேர்த்து நெருக்கிப் பிடிப்பவை அந்த நான்கு நட்டுகள்தான். தோசைக் கல்லுக்கு அடியில் ஒரு பக்கம் சிறு கல் அகப்பட்டுக்கொண்டால் மாவு ஒரு பக்கம் வழிகிறது அல்லவா? அதுபோல ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையில் ஒரு துருத் துணுக்கு அகப்பட்டால் டிஸ்க் சாய்ந்து உட்காரும். நடுவில் சிறிதாக இருக்கும் சாய்வு விளிம்பில் பெரிதாகும்.

எவ்வளவு சாய்ந்தால் கெடுதல்? பல கார்களுக்கு டிஸ்க்கின் விளிம்பு சுழலும்போது 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான் ஆடலாம். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர். ஆக, ஒரு முடியளவு துருவே நம் கையை நடுங்க வைக்கப் போதும்! பட்டறையில் இரும்புத் தூரிகையால் ஐந்து நிமிடம் தேய்க்காமல் விட்டால் வரும் வினை இது.

நான்கு கேள்விகள்

வைத்தியர் நாடி பிடிக்கும்போது "எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது" என்று கேட்கிறார். கேட்காமலே மருந்து கொடுத்தால் நாம் நம்புவோமா? காருக்கும் அதேதான். மாமா என்னிடம் கேட்டவற்றையும், பின்னர் அவரிடம் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டவற்றையும் நான்கு கேள்விகளாகத் தொகுத்துத் தருகிறேன்.

முதல் கேள்வி: எப்போது ஆடுகிறது?

பிரேக்கை அழுத்தும்போது மட்டும் ஆடி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் குற்றம் பெரும்பாலும் பிரேக்கில்தான். டிஸ்க்கின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்று பொருள். பிரேக்கைத் தொடாமலே குறிப்பிட்ட வேகத்தில் ஆடினால் சக்கரத்தின் சமநிலை, டயர், ரிம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு நேரமும் ஆடினால், அதுவும் பிரேக் வேலைக்கு மறுநாளே ஆடினால், முதலில் பார்க்க வேண்டியது நட்டுகளை.

இரண்டாம் கேள்வி: எந்த வேகத்தில் ஆடுகிறது?

80 முதல் 100 வரை போகும்போது ஆடி, வேகம் குறைந்தால் மறைந்துவிடும் ஆட்டம் பெரும்பாலும் பேலன்சிங் குறை. இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். ஆசிரியைக்குக் கணக்கில்லாமல் முடியுமா? சிறிய காரின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் ஒரு வினாடிக்கு 25 மீட்டர். அப்படியானால் சக்கரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் 30 கிராம் ஈயக்கட்டி ஒன்று கழன்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் அந்த 30 கிராம் குறை ஏறக்குறைய 4 கிலோ எடையின் பலத்துடன் சக்கரத்தை மேலும் கீழும் முன்னும் பின்னும் இழுக்கும். வேகம் பாதியானால் பலம் பாதியாவதில்லை. நான்கில் ஒரு பங்காகிறது. அதனால்தான் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரிவதில்லை. பட்டறையிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாமல் போனதற்கும் மெதுவாக வந்ததே காரணம்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது ஈயக்கட்டி விழுவது உண்டு. சில நேரம் முன்சக்கரம் பின்னாலும் பின்சக்கரம் முன்னாலும் மாறிவிடும். இதுவரை பின்னால் இருந்து யாருக்கும் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்த சக்கரம் முன்னால் வந்ததும் ஸ்டியரிங்கில் தெரிய ஆரம்பிக்கும். பிரேக்கை மாற்றியதால் வந்த குறை என்று நாம் நினைப்போம். உண்மையில் அது பழைய குறை.

நம் தோட்டச் சாலைகளுக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. மழைக்காலத்தில் செம்மண் ரிம்மின் உட்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்து ஓடு போலாகிவிடும். ஒரு பக்கம் மண், மறுபக்கம் வெறுமை என்றால் சக்கரம் ஆடத்தான் செய்யும். பட்டறைக்குப் போய்க் காசைக் கொடுப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரால் ரிம்மின் உட்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள். ஆனால் ஓட்டி வந்தவுடன் கழுவாதீர்கள். சூடான டிஸ்க்கில் குளிர்ந்த நீர் படுவது நல்லதல்ல.

மூன்றாம் கேள்வி: எங்கே தெரிகிறது?

ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சக்கரங்கள். உட்கார்ந்திருக்கும் இருக்கையில் தெரிந்தால் பெரும்பாலும் பின்சக்கரங்கள்; டிரம் வட்டம் கெட்டு முட்டை வடிவாகியிருக்கலாம். பிரேக்கை அழுத்தும்போது பெடல் மேலும் கீழுமாகக் காலைத் தள்ளினால் அதுவும் டிஸ்க்கின் அல்லது டிரம்மின் குறை. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏ.பி.எஸ். உள்ள கார்களில், வழுக்கும் சாலையில் திடீரென்று பலமாக மிதிக்கும்போது பெடல் 'தடதட'வென்று அடிக்கும். அது குறையல்ல, அந்தக் கருவி தன் வேலையைச் செய்கிறது.

நான்காம் கேள்வி: எப்போது தொடங்கியது?

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வேலை முடிந்த அன்றோ மறுநாளோ தொடங்கினால் நட்டு, சக்கரம் உட்கார்ந்த விதம், விழுந்துபோன ஈயக்கட்டி, இடம் மாறிய சக்கரம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றிரண்டு மாதம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு பிரேக்கில் மட்டும் ஆடத் தொடங்கினால் அது வேறு கதை. டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஓரிடம் மட்டும் பேடில் இலேசாக உரசிக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த இடம் தேய்ந்து மற்ற இடத்தைவிட மெலிந்துவிடும். ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே கைக்குத் தெரியும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பட்டறையில் சொல்வார்கள். பெரும்பாலான நேரங்களில் அது வளைவதில்லை, ஏற்றத்தாழ்வாகத் தேய்கிறது. வளைந்தது என்று நினைத்துப் புது டிஸ்க் வாங்கி அதே துருவின்மேல் மாட்டினால், சில மாதம் கழித்துப் பழைய குருடி கதவைத் திறடி என்று அதே நடுக்கம் மறுபடியும் வந்து நிற்கும்.

தம்பியின் மாதச் சம்பளம்

எங்கள் பள்ளிக்கு அடுத்த லயத்தில் குலை வெட்டும் தம்பி ஒருவர் இருக்கிறார். மனைவிக்கு இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது என்று பழைய கார் ஒன்றை வாங்கினார். பிரேக் டிஸ்க் மாற்றிச் சில வாரங்கள் கழித்து ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. பட்டணத்தில் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனார். ஓட்டிப் பார்க்காமலே "ஸ்டியரிங் ராக் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். கேட்ட தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது. நம் நாட்டில் 2025 இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் வீட்டுச் செலவு, பிள்ளைச் செலவு போக ராக் வாங்க எங்கே போவது? பிரசவத்துக்கு வைத்திருந்த காசை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

என் கதையைக் கேட்டிருந்ததால் அவர் மனைவிதான் அவரை மாமாவிடம் அனுப்பினார். மாமா காரில் ஏறி உட்கார்ந்தார். ஆளில்லாத நேரான சாலையில் ஓட்டச் சொன்னார். வேகத்தில் ஆட்டம் இல்லை. பிரேக்கை இலேசாக அழுத்தியதும் ஸ்டியரிங் நடுங்கியது. காலை எடுத்ததும் நின்றது.

"பிரேக் புடிச்சா மட்டும்தான் ஆடுது. ராக்கு கெட்டிருந்தா பிரேக்குக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? மேடு பள்ளத்துல ஓடுறப்பவே 'கடகட'ன்னு சத்தம் போட்டிருக்குமே. பிரேக்கைப் பாக்கச் சொல்லுடா தம்பி" என்றார் மாமா.

வேறொரு பட்டறையில் டயல் கேஜ் என்னும் அளவுக்கருவியை வைத்துப் பார்த்தார்கள். கடிகார முகம் போன்ற அந்தக் கருவியின் முள், டிஸ்க் சுற்றச் சுற்ற ஏறி இறங்கியது. ஹப்பில் துரு. அதைத் தேய்த்து, டிஸ்க்கைக் கடைந்து சமமாக்கி, திரும்பப் பூட்டினார்கள். ராக் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பிரசவக் காசு பத்திரமாக இருந்தது.

ஸ்டியரிங் பாகங்கள் கெடுவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. டை ராட், பால் ஜாயிண்ட், புஷ் ஆகியவை தேய்ந்திருந்தால் சிறிய ஆட்டத்தையும் பெரிதாக்கிக் காட்டும். அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பிரேக் வேலைக்குப் பிறகு வந்த ஆட்டம் என்றால், கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பார்ப்பதுதான் முறை.

நட்டை எப்படி இறுக்க வேண்டும்?

இது ஒவ்வொரு வீட்டிலும் ஆணும் பெண்ணும் தெரிந்திருக்க வேண்டிய வேலை. சக்கரம் மேலே தூக்கியிருக்கும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கையாலேயே கடைசிவரை திருகுங்கள். பிறகு ஸ்பேனரால் ஓரளவு இறுக்குங்கள். ஜாக்கை இறக்கிச் சக்கரம் தரையில் பதிந்த பிறகு முழுமையாக இறுக்குங்கள். பக்கத்துப் பக்கத்து நட்டாக வரிசையாக இறுக்கக் கூடாது. நான்கு நட்டு என்றால் ஒன்றை இறுக்கியதும் அதற்கு நேர் எதிரே உள்ளதை இறுக்க வேண்டும். ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரைவது போல ஒன்றுவிட்டு ஒன்றாகப் போக வேண்டும். அப்போதுதான் சக்கரம் கோணாமல் உட்காரும்.

எவ்வளவு இறுக்குவது? காரோடு வந்த கையேட்டில் அளவு இருக்கும். பல சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறக்குறைய 10 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு அது. ஸ்பேனர் கால் மீட்டர் நீளம்தான் என்றால் நுனியில் 40 கிலோ பலம் வேண்டும். போதாமல் இறுக்கினால் நட்டு கழலும். காலால் ஏறி மிதித்து அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட் இழுபட்டுக் கெடும். பட்டறையில் காற்றால் ஓடும் கருவியை வைத்து 'டர்ர்' என்று இறுக்குவார்கள். வேகமான வேலைதான். ஆனால் ஒரு நட்டு கூடவும் ஒரு நட்டு குறையவும் அதில் இடமிருக்கிறது. கடைசி இறுக்கத்தை முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனரால் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை நீங்களே சரிபாருங்கள்.

பட்டறையில் நாம் பேச வேண்டியது

"காடி ஆடுது, பார்த்துச் செய்யுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். "பிரேக் பிடித்தால் மட்டும் ஆடுகிறது, 80 க்கு மேல் ஆடுகிறது, ஸ்டியரிங்கில் தெரிகிறது, டிஸ்க் மாற்றிய மறுநாள் தொடங்கியது" என்று நான்கு பதில்களையும் சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதியே கொடுக்கலாம். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். ஹப்பைச் சுத்தம் செய்தீர்களா என்று கேளுங்கள். சக்கரங்களைக் கழற்றும் முன் எது எங்கே இருந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். விவரம் தெரிந்தவர் என்று அக்கறையோடு செய்வார்.

பெண்கள் ஓட்டிச் சென்றால் "அதெல்லாம் ஒன்னுமில்லைம்மா" என்று சொல்லி அனுப்பும் இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் "நட்டை மட்டும் என் கண்முன்னே ஒரு முறை இறுக்கிக் காட்டுங்கள்" என்று கேட்டு நின்றுவிடுங்கள். அதற்குக் காசு ஆகாது.

லாரிக்கும் பஸ்சுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கட்டாயச் சோதனை இருக்கிறது. அதற்காக 1994 இல் புஸ்பாகோம் தொடங்கப்பட்டது. நம் சொந்தக் காருக்கோ பெரும்பாலும் பெயர் மாற்றும்போதுதான் சோதனை. இடைப்பட்ட காலத்தில் நம் காருக்கு நாம்தான் சோதனை அதிகாரி.

புது பேடைப் பழக்க வேண்டும்

புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போலப் புது பேடும் டிஸ்க்கோடு பழக வேண்டும். வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில் 60 இல் ஓட்டி, மிதமாக அழுத்தி 10 க்குக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். இப்படிச் சற்று இடைவெளி விட்டு ஏறக்குறைய பத்து முறை செய்து, பிறகு சில நிமிடம் பிரேக் போடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நின்றால் பேடின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும். பிறகு அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் தட்டும். முதல் 200, 300 கிலோமீட்டர் வரை, அவசரம் இல்லாவிட்டால், பலமாக மிதிக்காமல் ஓட்டுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்

'டக் டக்' என்ற சத்தத்துடன் ஆட்டம் நிமிடத்துக்கு நிமிடம் கூடுவது. பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கமாக இழுப்பது. தீய்ந்த வாடை வருவது. ஒரு சக்கரத்தின் பக்கத்தில் மட்டும் அனல் அடிப்பது. பெடல் மெத்தென்று கீழே இறங்குவது. டயரின் பக்கவாட்டில் புடைப்பு தெரிவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் "பட்டணம்வரை போய்விடலாம்" என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்துங்கள். அனலைப் பார்க்கப் புறங்கையைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோனால் போதும். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

இப்போது என் காரின் பின்பெட்டியில் ஸ்பேனர் மேலாகவே இருக்கிறது. எந்தப் பட்டறையிலிருந்து வந்தாலும், பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் நான்கு சக்கரத்து நட்டுகளையும் ஒரு முறை பார்த்துவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை. அன்று சத்தத்தை முதலில் கேட்ட பையன் இப்போது என்னைக் கண்டால், "டீச்சர், நட்டு பாத்தாச்சா?" என்று கேட்கிறான். நீங்களும் உங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.